தீராக் கடனைத் தீர்க்கும் வகை

(ஆத்தூர் வட்டாரத்துக் குடியானவர்களுக்கும் நெசவாளர்களுக்கும் ஒரு விளக்கம்)

திண்டுக்கல் ஜில்லாவைச் சேர்ந்த ஆத்தூர், பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் குடகனாற்று நீரை நம்பி வாழும் வட்டாரமாகும். காமராஜர் அணை நிரம்பிய வருஷத்தில் நெல்லும் தென்னையும் தழைக்கும். மழை பொய்த்த வருஷத்தில் கிணறு வற்றும். ஆழ்துளைக் குழாய் இறக்குவதற்காகப் பத்திரம் எழுதப்படும். தண்ணீர் கிடைக்காவிட்டாலும் பத்திரம் நிலைத்து நிற்கும். பக்கத்திலுள்ள சின்னாளபட்டியில் சேலை விற்றால்தான் தறி ஓடும். தறி ஓடினால்தான் அடுப்பு எரியும். இத்தகைய வாழ்க்கையில் கடன் வாங்குவது குற்றமன்று. விதைக்கும் உரத்துக்கும் நூலுக்கும் வாங்கி, அறுவடையிலோ விற்பனையிலோ அடைக்கும் கடன், ஏரும் தறியும் போன்ற ஒரு கருவியேயாகும்.

இக்கட்டுரையில் நாம் கவனிக்கப் போவது வேறு வகைக் கடன். வருகிற வருமானத்தைக் கொண்டு எக்காலத்திலும் அடைக்க முடியாது என்ற நிலைமைக்கு வந்துவிட்ட கடனைப் பற்றியே இங்குச் சொல்லப்படுகிறது. இந்நிலைமையை அடைந்தவர்கள் பெரும்பாலும் மூன்று காரியங்களைச் செய்கிறார்கள். ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்குகிறார்கள். கடன் கொடுத்தவர் கண்ணில் படாமல் ஒளிகிறார்கள். அல்லது வீட்டாரிடம் கூடச் சொல்லாமல் மனத்துக்குள் வைத்து மாய்கிறார்கள். இம்மூன்றும் கடனை வளர்க்குமேயன்றிக் குறைக்கமாட்டா.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்நிலைமையிலுள்ளவருக்குப் பணத்தைவிட முந்தி வேண்டுவது கணக்கு. இதுவரை ஏற்பட்ட கடன் நிவாரணச் சட்டங்களின் பயனை முழுதும் அடைந்தவர், தாம் என்ன வாங்கினோம், என்ன கொடுத்தோம் என்பதைக் காட்டக் கூடியவரேயாவர்.

கடன் வளரும் விதம்

நம் ஊர்களில் வட்டியை மாதக் கணக்கிலேயே பேசுகிறார்கள். ‘இரண்டு வட்டி’, ‘மூன்று வட்டி’ என்னும்போது அது அற்பமாகவே தோன்றும். இரண்டு வட்டி என்பது வருஷத்துக்கு நூற்றுக்கு 24; மூன்று வட்டி 36; பத்து வட்டி 120. பத்து வட்டிக்கு வாங்கியவர், பத்தே மாதத்தில் அசலுக்குச் சமமான தொகையை வட்டியாகக் கொடுத்துவிடுகிறார். ஆயினும் அசல் ஒரு ரூபாயும் குறைவதில்லை.

தண்டல் கடனில் இவ்விஷயம் இன்னும் மறைவாக நடக்கிறது. 10,000 ரூபாய்க் கடன் என்று சொல்லி, 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாயைக் கையில் கொடுக்கிறார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாட்களில் 10,000 ரூபாய் வசூலாகிறது. நூற்றுக்குப் பதினைந்துதானே என்று வாங்கியவர் நினைக்கிறார். தினந்தோறும் அசலிலும் ஒரு பகுதி திரும்பிப் போய்க்கொண்டே இருப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், இது ஏறக்குறைய வருஷத்துக்கு நூற்றுக்கு 120 வட்டியாகிறது.

புரோநோட்டுக் கடனில் மற்றொரு வழி உண்டு. புரோநோட்டின் மேல் வழக்குத் தொடரச் சட்டம் தந்துள்ள காலம் மூன்று வருஷம். அதற்குள் கடன் தீராவிட்டால், நிலுவை வட்டியை அசலோடு சேர்த்துப் புது நோட்டு எழுதி வாங்குவது வழக்கம். நூற்றுக்கு 18 வட்டியில் வாங்கிய 1,000 ரூபாய், மூன்றாம் வருஷ முடிவில் 1,540 ரூபாய்க்குப் புது நோட்டாகும்; ஆறாம் வருஷத்தில் 2,371 ரூபாய்; ஒன்பதாம் வருஷத்தில் 3,652 ரூபாய். கடைசி நோட்டைப் பார்ப்பவருக்கு 3,652 ரூபாய் ரொக்கமாகப் பெற்றதாகவே தோன்றும். கையில் வந்தது 1,000 ரூபாய்தான் என்பது எவருக்கும் நினைவிராது.

1938-ம் வருஷத்துச் சட்டம் கற்பித்த பாடம்

இந்த மறதியே சென்னை மாகாணத்துக் குடியானவர்களை ஒரு காலத்தில் நிலமற்றவர்களாக்கியது. 1895-ல் பிரெடெரிக் நிக்கல்ஸன் என்ற அதிகாரி குடியானவர் கடனைப் பற்றி விரிவான அறிக்கை சமர்ப்பித்தார். 1904-ல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் ஏற்பட்டு, அவ்வருஷமே திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூரில் மாகாணத்தின் முதல் கிராமச் சங்கம் தோன்றியது. எனினும் கடன் பெருகிக்கொண்டே போயிற்று. 1929-க்குப் பின் உலகமெங்கும் ஏற்பட்ட வர்த்தக மந்தத்தினால் விளைபொருள்களின் விலை ஏறக்குறைய பாதியாக இறங்கியது. நெல்லின் விலை பாதியானபோது, நெல்லை விற்று அடைக்க வேண்டிய கடனின் பாரம் இரட்டிப்பாயிற்று. மாகாணத்துக் குடியானவர்களின் கடன் சுமார் 150 கோடி ரூபாய் என்று 1930-ல் பாங்கி விசாரணைக் கமிட்டியார் மதிப்பிட்டனர். 1935-ல் சத்தியநாதன் அவர்களின் அறிக்கை அதைச் சுமார் 200 கோடி என்று கணித்தது.

இதற்குப் பரிகாரமாக 1936-ல் கடன் சமரசச் சட்டம் வந்தது. கடன்பட்டவரையும் கொடுத்தவரையும் ஒரு போர்டின் முன் உட்கார வைத்து, இருவரும் ஒப்பும் தொகையை முடிவு செய்வது அதன் நோக்கம். பிறகு ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் பிரதம மந்திரியாக இருந்த காலத்தில் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறி, 1938 மார்ச் 22-ந் தேதி அமலுக்கு வந்தது. அக்காலத்தில் ஆத்தூரும் திண்டுக்கல்லும் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்தன.

அச்சட்டத்தின் சாரம் இது. 1932 அக்டோபர் 1-ந் தேதிக்கு முன் வாங்கிய கடனில், 1937 அக்டோபர் 1-ந் தேதி நிலுவையாக இருந்த வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலாகவோ வட்டியாகவோ இரண்டுமாகவோ, அசலின் இரு மடங்கு கொடுத்தாகிவிட்டிருந்தால் கடன் அடியோடு தீர்ந்ததாகும். அவ்வளவு கொடுக்கவில்லையென்றால், இரு மடங்குக்குக் குறையும் தொகை, அல்லது நிற்கும் அசல், இவற்றில் எது குறைவோ அதைக் கொடுத்தால் போதும். 1932-க்குப் பிந்திய கடனுக்கு நூற்றுக்கு 5 வீதம் தனி வட்டி போட்டுக் கணக்குத் திருத்தப்பட்டது. சட்டத்துக்குப் பின் குடியானவர் வாங்கும் கடனுக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு ஆறேகால், அதாவது ரூபாய்க்கு மாதம் ஒரு தம்பிடி, உச்ச வட்டியாக விதிக்கப்பட்டது. வருமான வரி செலுத்தியவர் முதலிய சிலருக்கு இச்சலுகை இல்லை. கூட்டுறவுச் சங்கக் கடன்களுக்கும் சட்டம் பொருந்தவில்லை.

ஓர் உதாரணம் கொண்டு இதை விளக்குவோம். ஒருவர் 1926-ல் 500 ரூபாய் வாங்கி, 1937-க்குள் வட்டியாக மட்டும் 600 ரூபாய் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். லேவாதேவிக்காரர் அசல் 500, நிலுவை வட்டி 300, ஆக 800 ரூபாய் கேட்கிறார். சட்டப்படி நிலுவை வட்டி 300 நீங்கிவிடும். அசலின் இரட்டை 1,000, கொடுத்தது 600, குறைவு 400. நிற்கும் அசல் 500-ஐக் காட்டிலும் இது குறைவாகையால், 400 ரூபாய் கொடுத்தால் கடன் தீர்ந்தது. ஆனால் அந்த 600 ரூபாய் கொடுத்ததற்கு நோட்டின் முதுகில் வரவு எழுதாமலும், ரசீது வாங்காமலும் இருந்தால்? அப்போது 500 ரூபாயும் கேட்பார். மறுத்துக் காட்ட ஆதாரம் இராது. ஒரு துண்டுக் காகிதத்தின் விலை அங்கே 100 ரூபாய்.

நோட்டு எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டிருந்தாலும், ஆதியில் கையில் கொடுத்த தொகையையும் பின்னர் ரொக்கமாகக் கொடுத்த தொகையையும் மட்டுமே அசலாகக் கொள்ள வேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது. கடைசி நோட்டைப் பாராதே, முதல் நோட்டைப் பார் என்பதே இதன் பொருள். முதல் நோட்டின் தேதியும் தொகையும் தெரிந்தவருக்கு இது பெரிய அனுகூலம். தெரியாதவருக்கு ஏட்டளவில் நின்ற அனுகூலம்.

சட்டத்தினால் மற்றொரு விளைவும் நேர்ந்தது. தனி லேவாதேவிக்காரர் பலர் குடியானவருக்குக் கடன் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். பழைய கடனைக் குறைப்பது சட்டத்தால் ஆகும். அடுத்த பருவத்து விதைக்குப் பணம் தருவது சட்டத்தால் ஆகாது. அதற்குக் கூட்டுறவுச் சங்கமும் நில அடமான பாங்கியும் வேண்டியிருந்தன. இன்றைக்கும் இந்நிலைமை மாறவில்லை.

முதல் வேலை: கணக்கு எழுதுதல்

கடன் மிகுந்தவர் முதலில் செய்ய வேண்டியது, வீட்டுப் பெண்களையும் வயது வந்த பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு எல்லாக் கடன்களையும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதாகும். ஒவ்வொரு கடனுக்கும் கீழ்க்கண்டவற்றைக் குறிக்க வேண்டும்.

1. யாரிடம் வாங்கியது; எந்தத் தேதி.
2. கையில் உண்மையாக வந்த தொகை.
3. எழுதிக் கொடுத்த தொகை.
4. வட்டி விகிதம், வருஷக் கணக்கில்.
5. இதுவரை கொடுத்த தொகை, தேதிவாரியாக.
6. ரசீது, வரவுக் குறிப்பு, பாங்கிப் பதிவு முதலிய ஆதாரம்.
7. ஈடாக வைத்தது: நிலமோ, நகையோ, காசோலையோ, ஜாமீனோ.

இரண்டாவதும் மூன்றாவதும் வெவ்வேறு தொகைகளாக இருந்தால் அவ்விடத்தில் கோடிட்டு வைக்க வேண்டும். பிற்பாடு பேசும்போது அதுவே பேச்சின் ஆரம்பமாகும். நகைக் கடன், மகளிர் குழுக் கடன், மளிகைக் கடைப் பாக்கி, உரக்கடைப் பாக்கி, உறவினர் கைமாற்று ஆகிய எதையும் விடக் கூடாது. விட்டுப் போன கடனே பிறகு குடும்பத்தில் சண்டையாக முளைக்கும்.

அடுத்த பக்கத்தில் வருஷ வருமானத்தையும், சாப்பாடு, சாகுபடி, பள்ளிக்கூடம், வைத்தியம் ஆகிய தவிர்க்க முடியாத செலவுகளையும் எழுதிக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது எவ்வளவோ அதுவே கடனுக்குக் கொடுக்கக்கூடிய தொகை. அதற்கு மேல் தருவதாக ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு வாக்குறுதியும் இன்னொரு கடனாகவே முடியும்.

எதை முன்னே அடைப்பது?

இரண்டு ஏக்கர் நிலமுள்ள ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் 60,000 ரூபாய்; நகைக் கடன் நூற்றுக்கு 10 வட்டியில் 80,000; குழுக் கடன் நூற்றுக்கு 24 வட்டியில் 40,000; மூன்று வட்டிக் கைக்கடன் 1,00,000. செலவு போக வருஷத்தில் மிஞ்சுவது 60,000 ரூபாய். பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டித் திரும்பப் பெற்று வருவதால் அதற்கு வட்டியில்லை. மற்ற மூன்றுக்கும் உத்தேசமாக வட்டி: நகைக்கு 8,000, குழுவுக்கு 9,600, கைக்கடனுக்கு 36,000, ஆக 53,600. வருஷம் முழுதும் பாடுபட்டு அசலில் கழிவது 6,400 ரூபாய். ஒரு வைத்தியச் செலவு வந்தால் அதுவும் போய்விடும்.

இக்குடும்பம் ஊரோரத்தில் வெறுமனே கிடக்கும் ஒரு மனைக்கட்டை 1,00,000 ரூபாய்க்கு விற்றுக் கைக்கடனை அடைத்துவிட்டால், வருஷ வட்டி 17,600 ஆகக் குறையும். அசலுக்கு 42,400 போகும். மூன்றாம் வருஷத்தில் நகையும் மீண்டு, குழுக் கடனும் தீரும். சொத்தை விற்பது கௌரவக் குறைவு என்று எண்ணி மனையை வைத்துக்கொண்டால், சில வருஷங்களில் அந்த மனையோடு நஞ்சையும் போகும். காலத்தில் தாமே விற்றால் நல்ல விலை கிடைக்கும். ஏலத்தில் போனால் கேட்டவர் கேட்ட விலைதான்.

ஆகவே வரிசை இப்படி இருப்பது நலம். வயிற்றுப்பாடும் அடுத்த விதைப்பும் முதலில். தவணைக்குள் கட்டினால் வட்டியில்லாத கூட்டுறவுப் பயிர்க்கடன் அடுத்து. அது தவறினால் வட்டியும் ஏறும், அடுத்த பருவத்துக் கடனும் நிற்கும். பிறகு, வட்டி மிகுந்த கடன் எதுவோ அது. வீடோ நிலமோ ஏலத்துக்கு வரும் நிலையிலுள்ள கடனை மாத்திரம் இவ்வரிசையை மீறி முன்னே கவனிக்க வேண்டும். அதிகமாகக் கத்துகிறவருக்கு முதலில் கொடுப்பது வழக்கமாக இருக்கிறது. கத்துகிறவர் வேறு, கனத்த கடன் வேறு.

சர்க்கார் கடன் தள்ளுபடியை எதிர்பார்த்து ஒன்றும் செய்யாதிருப்பதும் சரியன்று. 2021-ல் தமிழ்நாட்டில் கூட்டுறவு நிறுவனங்களில் 16.43 லட்சம் விவசாயிகள் வாங்கியிருந்த 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. அப்பயனைப் பெற்றவர்கள் சங்கத்தின் கணக்கில் கடன் பதிவாகியிருந்தவர்களே. தனியாரிடம் மூன்று வட்டிக்கு வாங்கியவருக்கு அதனால் ஒரு ரூபாயும் குறையவில்லை.

கடன் கொடுத்தவரோடு பேசுதல்

கணக்கு முடிந்தபின் ஒளியாமல் நேரே சென்று பேச வேண்டும். கொடுக்க முடியாதவரை வற்புறுத்துவதைவிட, கொடுக்கக்கூடியதை நிச்சயமாகப் பெறுவது கடன் கொடுத்தவருக்கும் லாபமே. ஊர்ப் பெரியவர் ஒருவரை நடுவில் வைத்துக்கொள்ளலாம். ஒரே தொகையாகக் கொடுத்துத் தீர்ப்பதானால், எவ்வளவுக்கு ஒப்புக்கொண்டார் என்பதை எழுத்தில் வாங்கிய பின்னரே பணம் கொடுக்க வேண்டும். பணம் கொடுத்த அக்கணமே நோட்டைத் திரும்பப் பெற வேண்டும். பதிவான அடமானமாக இருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதிவு செய்ய வேண்டும். இல்லையேல் வில்லங்கச் சான்றில் அக்கடன் நின்றுகொண்டே இருக்கும்.

பாங்கிக் கடனானால் தவணை தவறுமுன் மானேஜரைப் பார்க்க வேண்டும். சர்க்கார் அறிவித்த இயற்கைச் சேதத்தில் விளைச்சல் நூற்றுக்கு 33 பங்கோ அதற்கு மேலோ நஷ்டமானால், பயிர்க்கடனை நீண்ட தவணைக் கடனாக மாற்றுவதற்கு ரிஸர்வ் பாங்கியின் விதிகள் இடமளித்து வந்திருக்கின்றன. மகளிருக்குக் கடன் வழங்கும் சிறுகடன் நிறுவனங்களுக்கு 2022-ல் ஏற்பட்ட விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதிக்கு மேற்படலாகாது. ஒரே வீட்டில் நான்கு குழுக்களுக்குத் தவணை கட்டுகிறவர் இதைச் சுட்டிக்காட்டி, மேற்கொண்டு கடன் வேண்டாம், தவணையை நீட்டுங்கள் என்று கேட்கலாம்.

கையெழுத்திடக் கூடாதவை

நெருக்கடியில் இருப்பவரிடம் சில கையெழுத்துக்கள் கேட்கப்படும். அவற்றுள் மூன்று மிகவும் அபாயமானவை.

முதலாவது, தொகை நிரப்பாத புரோநோட்டும் வெற்றுக் காசோலையும். கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமை குற்றமன்று. ஆனால் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால், நோட்டீசு கிடைத்த 15 நாளைக்குள் பணம் செலுத்தாவிடில், இரண்டு வருஷம் வரை சிறைத்தண்டனைக்கு இடமுள்ள குற்றமாகிறது. வெற்றுக் காசோலை கொடுத்தவர், சிவில் கடனைத் தம் கையாலேயே கிரிமினல் வழக்காக மாற்றிக்கொள்கிறார்.

இரண்டாவது, கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுக்கும் கிரயப் பத்திரம். ‘பேருக்குக் கிரயம், பணம் கொடுத்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்’ என்று சொல்லுவார்கள். சொத்து மாற்றுச் சட்டத்தில் 1929-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, திருப்பித் தருவதென்ற நிபந்தனை அதே பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தாலன்றி அப்பத்திரம் அடமானமாகக் கருதப்படாது. வாய்வார்த்தையை நம்பிக் கிரயம் எழுதியவருக்கு, கடன் தீர்ந்த பின்னும் நிலம் திரும்புவது அரிது. பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தருவதும் இத்தகையதே.

மூன்றாவது, உழைப்பை அடகு வைக்கும் முன்பணம். கடன் தீரும்வரை குடும்பத்தோடு சூளையிலோ ஆலையிலோ வேலை செய்ய வேண்டும், வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாடு, 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தால் ரத்தாகிவிட்டது. அந்த முன்பணமும் தீர்ந்ததாகக் கருதப்படும். சப்-கலெக்டரிடமோ கலெக்டரிடமோ புகார் செய்யலாம்.

கோர்ட்டுச் சம்மன் வந்தால்

சம்மனை வாங்க மறுப்பதும், வாய்தா நாளில் வீட்டிலேயே இருந்துவிடுவதும் பெருந்தவறு. ஆஜராகாதவர் மேல் ஒருதலைப்பட்சமாக டிக்ரி ஆகும்; கேட்ட தொகை முழுவதும் அப்படியே நிலைத்துவிடும். ஆஜரானவர் தம் கணக்கைக் காட்டி, கொடுத்ததைக் கழிக்கச் சொல்லலாம். காலாவதி ஆகிவிட்டிருந்தால் அதைச் சொல்லலாம். தவணையாகக் கட்ட உத்தரவு கோரலாம். டிக்ரி ஆனபின் கோர்ட்டுக்கு வெளியே பணம் கொடுத்தால், அதைக் கோர்ட்டில் பதிவு செய்விக்க வேண்டும். பதிவாகாத வரவை நிறைவேற்றும் கோர்ட்டு ஏற்காது. இங்கும் கணக்கே காக்கிறது.

எதையெல்லாம் ஜப்தி செய்யலாகாது என்பதையும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு சொல்லுகிறது. உடுக்கும் துணி, படுக்கை, சமையல் பாத்திரம், கைத்தொழிலாளியின் கருவிகள், குடியானவருடைய ஏர்க்கருவிகள், பிழைப்புக்கு வேண்டிய மாடுகளும் விதைத் தானியமும், அவர் குடியிருக்கும் வீடு ஆகியவை அதில் அடங்கும். அடமானம் வைத்த சொத்துக்கு மாத்திரம் இப்பாதுகாப்பைக் கோர முடியாது. விவசாய நிலத்தை ஈடாகக் கொண்ட பாங்கிகள், கோர்ட்டின்றித் தாமே சொத்தை எடுத்துக்கொள்ள 2002-ம் வருஷத்துச் சட்டம் தந்த அதிகாரத்தை அந்நிலத்தின் மேல் செலுத்த முடியாது.

கடனுக்காகச் சிறையில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. கொடுக்கச் சக்தியிருந்தும் மோசடியாக மறைக்கிறவருக்கே சிவில் சிறை உரியது; சக்தியற்றவரை வறுமைக்காகச் சிறையிலிடலாகாது என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தகப்பன் கடனுக்கு மகன் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. தகப்பனிடமிருந்து கிடைத்த சொத்தின் மதிப்பு எவ்வளவோ அவ்வளவுக்கே பொறுப்பு. மகன் என்ற தர்மப் பொறுப்பினால் மட்டும் வழக்கிடும் வழியை, 2005-ல் இந்து வாரிசுச் சட்டத்தில் செய்த திருத்தம் அதற்குப் பிந்திய கடன்களுக்கு நீக்கிவிட்டது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் ஜில்லா, தாலுகா கோர்ட்டுகளிலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், ஷெடியூல்டு வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு. 15100 என்ற டெலிபோன் எண்ணிலும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் ஒப்பித் தீர்த்துக்கொண்டால் அது டிக்ரிக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பும். 1936-ம் வருஷத்துச் சமரசப் போர்டின் காரியத்தை இன்று ஒருவாறு இதுவே செய்கிறது.

மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம்

2003-ல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட அதிக வட்டி வசூல் தடைச் சட்டம், கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. மீறியவருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதைவிட நம்மவர் அறிய வேண்டிய ஷரத்து ஒன்றுண்டு. கடன்பட்டவர், அசலையும் சட்டம் அனுமதிக்கும் வட்டியையும் கோர்ட்டில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யும்படி மனுக் கொடுக்கலாம். இதற்கும், கையில் வந்த அசல் எவ்வளவு என்று காட்டும் கணக்கு வேண்டும்.

பாங்கிகளின் வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் பேசித் தொந்தரவு செய்யலாகாது என்று 2022-ல் ரிஸர்வ் பாங்கி உத்தரவிட்டது. சிறுகடன் வசூலுக்கு விதித்த நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. கடன் நிறுவனங்களின் பலாத்கார வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் நிறைவேறியது.

2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில், கந்து வட்டித் தொல்லையைப் பற்றி மனுக் கொடுக்க வந்த கணவனும் மனைவியும் இரு பெண் குழந்தைகளும் தீக்கிரையாகி மாண்டனர். நாடே அதிர்ந்த அச்சம்பவத்தை இங்கு நினைவூட்டுவது ஒரே காரணத்துக்காக. எந்தக் கடனும் ஓர் உயிருக்கு ஈடாகாது. மனம் தாங்காத நிலையிலுள்ளவர், அல்லது அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டார், தயங்காமல் 104 அல்லது 14416 என்ற எண்ணில் பேச வேண்டும். அயலாரும் அப்படிப்பட்டவரைத் தனியே விடலாகாது.

எல்லா வழியும் அடைந்தால்

கணக்குப் பார்த்து, விற்கக்கூடியதை விற்று, பேசிப் பார்த்த பின்னும், மிஞ்சும் வருமானம் வட்டிக்கே எட்டாவிட்டால், இன்ஸால்வென்ஸி மனு ஒன்றே மிச்சம். ஊரில் இதை ‘மஞ்சள் நோட்டீசு’ என்று இழிவாகப் பேசுவார்கள். அது 1920-ம் வருஷத்து மாகாண இன்ஸால்வென்ஸிச் சட்டம் யோக்கியமான கடனாளிக்கு வகுத்த வழி. 2016-ம் வருஷத்துத் திவால் சட்டத்தில் சாதாரணத் தனி நபருக்குரிய பகுதி அமலுக்கு வராததால், பழைய சட்டமே இவ்விஷயத்தில் வழிகாட்டி வந்திருக்கிறது. மனுதாரர் தம் சொத்தையும் கடனையும் ஒளிக்காமல் கோர்ட்டின் முன் வைக்க வேண்டும். ஜப்தி செய்யலாகாத பொருள்கள் போக மற்றவை கடன் கொடுத்தவர்களுக்கு விகிதப்படி பங்கிடப்படும். பிறகு விடுதலை உத்தரவு பெறலாம். சர்க்காருக்குச் செலுத்த வேண்டியதும், மோசடியால் பெற்ற கடனும் இதனால் நீங்கா. மனுவுக்கு முன் மனைவி பேருக்கோ மைத்துனர் பேருக்கோ சொத்தை மாற்றி வைப்பது பயன் தராது. விலை பெறாமல் இரண்டு வருஷத்துக்குள் செய்த மாற்றங்களைக் கோர்ட்டு ரத்து செய்யலாம்.

இங்குச் சொன்னவை பொதுவான விளக்கங்கள். தத்தம் கடனுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை மேற்சொன்ன ஆணைக்குழுவில் பத்திரங்களைக் காட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். போகும்போது கையில் கொண்டு போக வேண்டியது அந்த நோட்டுப் புத்தகம். அது இன்னும் எழுதப்படாத வீடுகளில், இன்றிரவு விளக்கேற்றியதும் முதல் பக்கத்தை எழுதத் தொடங்கலாம்.